கட்டியைச் சுற்றி நீ வரைகிற கோடு

தம்பி,

பொங்கலுக்கு நீ வந்து போனதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று போனில் சொன்னேனே, அது முழு உண்மை இல்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன். சோறு இறங்காததற்குக் காரணம் வேறு. கரும்பைக் கடித்துக்கொண்டே சிரித்துச் சிரித்து நீ சொன்ன ஒரு விஷயம்தான். சொன்னதை நீ மறந்திருப்பாய். உன் அப்பாவும் உன்னோடு சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும், மருந்து ஏற்றிய காலத்தில் வாயில் ஊறிக்கொண்டே இருந்த அந்த இரும்பு ருசி திரும்பி வந்துவிட்டது. பிறகு நீ ஊருக்குக் கிளம்பும்போது உன் பைக்குள் சேவுப் பொட்டலத்தை வைத்தேன், கன்னத்தைத் தடவினேன், பஸ் திரும்பும்வரை கையசைத்தேன். அத்தனையையும் செய்தபோது உள்ளே இருந்தது வேறு. பெற்ற பிள்ளையை நினைத்து அருவருப்பு என்ற சொல்லை எழுத வேண்டியிருக்கிறது. எழுதிவிட்டேன்.

இதை உனக்கு மட்டும் அனுப்பினால், அம்மா வழக்கம்போலப் பாடம் நடத்துகிறாள் என்று மடித்து வைத்துவிடுவாய். அதனால் யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். உன் பெயரையும் உன் கம்பெனியின் பெயரையும் விட்டுவிட்டேன். உன்னைப் போல வேலை பார்க்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் அம்மாக்கள் இருப்பார்கள். அடுத்த மாதம் நீ பொறுப்பாளராகிச் சிங்கப்பூர் அலுவலகத்துக்குப் போகிறாய். எந்தப் படத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று சொல்கிற நாற்காலி இனி உன்னுடையது. நீ அதில் உட்காருவதற்கு முன்னால் இது உன் கைக்குக் கிடைக்க வேண்டும்.

படிக்கிற மற்றவர்களுக்காக உன் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கழுத்திலும் அக்குளிலும் வயிற்றுக்குள்ளும் நெறிகட்டிக் கொத்துக் கொத்தாக வளர்கிற புற்றுநோய் ஒன்று உண்டு. லிம்போமா என்பார்கள். எனக்கு வந்ததும் அதுதான். புது மருந்து செய்கிற கம்பெனிகள் அந்த மருந்தை நோயாளிகள் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கின்றன. மருந்துக்கு முன்னால் ஒரு ஸ்கேன், பின்னால் ஒரு ஸ்கேன். கத்தி படாமலே உடம்பை வில்லை வில்லையாக நறுக்கிக் காட்டுகிற படம் அது. அந்தப் படங்கள் பெங்களூரில் உன் மேஜைக்கு வருகின்றன. ஒவ்வொரு வில்லையிலும் கட்டியின் ஓரத்தைச் சுற்றி நீ மவுஸால் கோடு வரைகிறாய். கோட்டுக்குள் இருக்கும் பரப்பை வில்லையின் கனத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, கட்டி மொத்தம் இவ்வளவு என்று கம்ப்யூட்டர் சொல்கிறது. பாதிக்கு மேல் குறைந்திருந்தால் மருந்து கேட்டது என்று எழுதுவீர்கள். குறையாவிட்டால் கேட்கவில்லை. நல்ல வேலைதான். நீளத்தையும் அகலத்தையும் மட்டும் பார்த்துச் சொல்வதைவிட இது மேல் என்று நீ சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. கோணல்மாணலாக வளர்கிற ஒன்றுக்கு நீளம் ஏது, அகலம் ஏது?

இந்தக் கணக்கை முதன்முதலாக நீ என்னிடம்தான் படித்தாய். திருத்தங்கல் பள்ளியில் எட்டாம் வகுப்பு. ஆளுக்கொரு சீனிக்கிழங்கு கொண்டுவரச் சொன்னேன். ஒரே கனத்தில் வில்லை போட்டு, ஒவ்வொரு வில்லையையும் கட்டம் போட்ட தாளில் வைத்து ஓரத்தை வரைந்து, உள்ளே எத்தனை கட்டம் என்று எண்ண வேண்டும். கடைசியில் எல்லா வில்லைகளையும் தண்ணீரில் முக்கி, எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது என்று ஒத்துப் பார்க்க வேண்டும். பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே இடத்தில்தான் சிக்கல் வரும். கோடு ஒரு கட்டத்தின் நடுவே போனால் அதைச் சேர்ப்பதா, விடுவதா? பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் சேர், குறைந்தால் விடு என்று சொல்லிக்கொடுத்தேன். நீ என்ன செய்தாய், நினைவிருக்கிறதா? நான் சொன்ன வரிசையைத் தலைகீழாக்கினாய். முதலில் தண்ணீரில் முக்கி விடையை எடுத்துக்கொண்டாய். பிறகு வந்து உட்கார்ந்து, அந்த விடை வருகிற மாதிரி அரைக் கட்டங்களைச் சேர்த்தும் விட்டும் எண்ணினாய். வகுப்பிலேயே உன் கணக்குத்தான் அச்சாகப் பொருந்தியது. நான் கண்டுபிடித்துக் கேட்டபோது, விடை தெரிந்துகொண்டு எண்ணினால் தப்பு வராதே டீச்சர் என்றாய். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

எலுமிச்சம்பழக் கணக்கும் உனக்கு நினைவிருக்கும். பழத்தை முக்கி அளந்துவிட்டு, மேல்தோலை மட்டும் கத்தியால் சீவிவிட்டு மறுபடியும் முக்குவேன். தோல்தானே போயிருக்கிறது என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பார்த்தால் பழத்தில் கால்வாசி காணாமல் போயிருக்கும். உருண்டையான பொருளுக்கு ஓரத்தில்தான் அவ்வளவும் இருக்கிறது என்பேன். கோட்டை ஒரு மயிரிழை உள்ளே தள்ளினால் கட்டி எவ்வளவு சிறுக்கும் என்று உனக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

பொங்கலன்று நீ சொன்னது இதுதான். பாதியை எட்டாமல் ஒரு மயிரிழையில் நின்றுவிட்ட படங்களை, அதாவது மருந்து தோற்றுப்போன படங்களை, உன் மேலதிகாரி திருப்பி அனுப்புவார். இன்னொரு தரம் பார் என்பார். கட்டியின் ஓரம் எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். கோடு இங்கே போனாலும் சரி, அங்கே போனாலும் சரி என்கிற மாதிரி. இன்னொரு தரம் பார்க்கும்போது கோடு கொஞ்சம் உள்ளே தள்ளிப் போகும். பாதியைத் தாண்டிவிடும். ஆனால் மயிரிழையில் தாண்டி, மருந்து ஜெயித்ததாக நிற்கிற படங்களை யாரும் திருப்பி அனுப்புவதில்லை. அவற்றின் ஓரமும் அதே மாதிரி மங்கல்தான். "யாரும் பொய் சொல்லலைம்மா. திரும்பப் பாக்குறோம், அம்புட்டுதான்" என்றாய்.

நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாய். விருதுநகரில் பரீட்சைத் தாள் திருத்தப் போன காலத்தில் முப்பத்து மூன்று எடுத்தவனுக்கு இரண்டு மார்க் தேடிப் போட்டுப் பாஸ் ஆக்கவில்லையா, எழுபது எடுத்தவன் தாளைத் திருப்பிப் பார்த்தாயா என்று. அப்பா கை தட்டினார். வாத்தியாருக்குப் பதில் தாமதமாக வந்தாலும் வந்துவிடும். நான் மார்க் போட்டது பையனுக்கு. அவன் பாஸாகிப் போய் ஏதோ ஒரு அச்சாபீசில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணம் செய்தான். நீ மார்க் போடுவது கட்டிக்கு. அதுவும் பாஸாகிப் போகும். எங்கே போகும் என்று நினைத்துப் பார்த்தாயா?

பேச்சியம்மாளைப் பற்றி உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொல்கிறேன். எனக்கு நோய் கண்ட அதே பருவத்தில்தான் அவளுக்கும் கண்டது. பட்டாசுக் கம்பெனியில் திரி செருகுகிற வேலை. புருஷன் காளிராஜ், குடோனில் லோடு ஏற்றுகிறவர். ஒரே டாக்டர், ஒரே மருந்து, மதுரைக்கு ஒரே பஸ். எனக்குக் கழுத்தில், அவளுக்குக் கழுத்திலும் வயிற்றுக்குள்ளும். திரும்பி வரும்போது நான் ஜன்னல் பக்கம் வாந்தி எடுப்பேன், அவள் என் முதுகைத் தடவுவாள். கொஞ்ச தூரம் போனதும் இடம் மாறிக்கொள்வோம். அந்த நாற்றத்துக்கு நடுவில்கூட அவள் சிரிக்க வைப்பாள். எங்களைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் கட்டியின் அளவைக் கேட்பார்கள் இல்லையா? வேறு ஊரென்றால் நெல்லிக்காய், எலுமிச்சை என்பார்கள். நம் ஊர்க்காரர்கள் குருவி வெடியா, லட்சுமி வெடியா, அணுகுண்டா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு எட்டிப் பார்த்து, அவர்களாகவே ஒன்றைச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். பேச்சியம்மாள், "பத்த வச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்பாள்.

நடுவில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். குறைந்திருந்தால் அதே மருந்து தொடரும். குறையாவிட்டால் இன்னும் கடுமையான மருந்துக்கு மாற்றி, ஆஸ்பத்திரியிலேயே படுக்க வைப்பார்கள். டாக்டர் இதைச் சொன்ன அன்றே காளிராஜ் பஸ் ஸ்டாண்டில் வைத்து ஒரு முடிவு சொல்லிவிட்டார். படத்தில் குறைந்திருந்தால் கூட்டிக்கொண்டு வருவார். குறையவில்லையென்றால் இனி மதுரை கிடையாது, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். பேச்சியம்மாள் தலையாட்டினாள்.

படம் வந்தது. கழுத்திலும் வயிற்றிலும் நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டர் அவள் தோளைத் தட்டினார், அதே மருந்து தொடரட்டும் என்று எழுதினார். காளிராஜ் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு போய் டீக்கடையில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, "அணுகுண்டா இருந்தது லட்சுமி வெடி ஆயிருச்சு, பாத்துக்கிடுங்க" என்று எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

அதற்கு அடுத்த முறை மருந்துக்குப் போகிற பஸ்ஸில்தான் அவள் என்னிடம் சொன்னாள். மருந்து ஏற்றி அனுப்பும்போது வீட்டில் சாப்பிட ஐந்து நாளைக்கு வெள்ளை மாத்திரை தருவார்களே, அதைச் சாப்பிடுகிற நாட்களில் கழுத்து வீக்கம் மளமளவென்று வடிவதையும், மாத்திரை முடிந்து கொஞ்ச நாளில் பழையபடி ஏறுவதையும் அவள் கவனித்திருக்கிறாள். எனக்கும் அப்படித்தான் வடியும், ஆனால் திரும்ப ஏறாது. அவள் ஒரு தவணை மாத்திரையைச் சாப்பிடாமல் முடிந்து வைத்துக்கொண்டாள். ஸ்கேனுக்கு முந்தைய நாட்களில் எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

"கம்பெனிக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பு வந்தா கூடுதல் ஆளெல்லாம் எந்திரிச்சுப் பின்வழியா கருவேலங்காட்டுக்குள்ள போயிருவோம்ல டீச்சர். ரூமுல ரூல்படி நாலு பேர்தான் இருப்போம். ஜீப்பு போனதும் திரும்பி வந்து உக்காந்துக்கிடுவோம். அதேதான் இதுவும்."

"பேச்சி, அது மருந்துக்குக் குறையலைடி. ஒளிஞ்சிருக்கு."

"ஒளிஞ்சா ஒளிஞ்சிட்டுப் போகுது. பேப்பர்ல ஏறிருச்சுல்ல."

அன்றைக்கே நான் டாக்டரிடம் சொன்னேன். அவள் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், சொல்லிவிட்டேன். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். இந்தப் படத்தை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது, மாத்திரை இல்லாமல் மறுபடி ஒரு ஸ்கேன் எடுக்க வேண்டும், அநேகமாக மருந்தை மாற்ற வேண்டியிருக்கும் என்றார். கூட வந்திருந்த காளிராஜுக்கு முகம் கறுத்துவிட்டது. "டாக்டரய்யா, போன தடவை நீங்கதானே குறைஞ்சிருக்குன்னீக. இப்ப இல்லைங்கீக. நாங்க எதை நம்ப?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "டீச்சரம்மா, உங்களுக்குக் குறைஞ்சது, சந்தோசம். எங்களுக்குக் குறைஞ்சது மட்டும் ஏன் உங்க கண்ணை உறுத்துது?"

மறுபடி ஸ்கேன் எடுக்கவில்லை. பழைய மருந்தையே இரண்டு தவணை ஏற்றிக்கொண்டு, பிறகு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். குறைந்துவிட்டது என்று ஆன பிறகு எதற்கு மதுரை? நான் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். காளிராஜ் மரியாதையாக நாற்காலி போட்டார். பேச்சை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தார். தீபாவளிக்கு லோடு ஏறுகிற சீசனில், ஊரே லாரியும் வேனுமாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தபோது பேச்சியம்மாள் செத்துப்போனாள். கடைசி நாட்களில் கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அதற்குக் கோடு வரைய உன்னாலும் முடியாது.

துஷ்டி கேட்கச் செத்த வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த ஸ்கேன் படத்தை வெளிச்சம் படட்டும் என்று ஜன்னல் கம்பியில் செருகியிருந்தார்கள். பக்கத்தில் கம்பெனி கொடுத்த காலண்டர். வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு வசதியாக வைத்தது, யாரும் எடுக்கவில்லை. காளிராஜ் என்னை அதன் முன்னால் கூட்டிக்கொண்டு போனார். கோபமில்லை. அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. "படத்துல குறைஞ்சுதானே இருக்கு டீச்சரம்மா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? படத்தில் குறைந்துதான் இருந்தது. ஸ்கேன் எடுத்தவர் பொய் சொல்லவில்லை. அளந்தவர் சரியாகத்தான் அளந்தார். டாக்டர் கண்ணால் கண்டதைச் சொன்னார். ஒருவரும் பொய் சொல்லாமலே அவள் செத்துப்போனாள்.

பேச்சியம்மாள் மேல் எனக்கு அருவருப்பு இல்லை. அவளுக்குத் திறந்திருந்தது அந்த ஒரு வழிதான். அளக்கிற நாளில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தால் போதும் என்று இந்த ஊர் அவளுக்குச் சின்ன வயதிலேயே கற்றுக்கொடுத்திருந்தது. கருவேலங்காட்டுக்குள் தூக்குவாளியோடு குந்தியிருந்துவிட்டு, ஜீப் போன பிறகு அதே ரூமுக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து பழகியவள். விபத்து நடந்தால் செத்தவர்களை எண்ணும்போதுதான் அந்த ரூமில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது வெளியே தெரியும். இந்த மண்ணில் பிறந்த உனக்கும் இது தெரியும். தெரிந்தும் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அதையே செய்கிறாய். பேச்சியம்மாள் ஒளித்தது தன் கட்டியை. நீங்கள் ஒளிப்பது முகம் தெரியாத யாருடையதையோ. அந்த மருந்து ஒரு நாள் மதுரைக்கு வரும். பாதிப் பேருக்குக் கேட்கிறது என்று எங்கேயாவது அச்சாகியிருக்கும். நம் டாக்டர் அதை நம்பி எழுதுவார். வேறு மருந்து ஏறியிருக்க வேண்டிய நாட்களில் இன்னொரு பேச்சியம்மாளுக்கு அது ஏறும்.

இனி என் உடம்பைப் பற்றி. எனக்கு மருந்து ஏற்றிய காலத்தில் ஒவ்வொரு ஸ்கேன் சி.டி.யையும் கூரியரில் உனக்கு அனுப்பினேன். நீ வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, வில்லை வில்லையாக வரைந்து பார்த்துவிட்டுப் போன் செய்வாய். டாக்டர் நீள அகலம் சொல்வார். நீ முழு அளவையும் சொல்வாய். நான் உன் எண்ணைத்தான் நம்பினேன். நடுவில் எடுத்த ஸ்கேனில் டாக்டர் தயங்கினார். நீள அகலம் நான் எதிர்பார்த்த அளவுக்கு மாறவில்லை, மருந்தை மாற்றலாமா என்று யோசிக்கிறேன் என்றார். சி.டி. கிடைத்த அன்று சாயங்காலமே நீ போன் செய்தாய். "பாதிக்குக் கீழே போயிருச்சும்மா. நிம்மதியாச் சாப்பிடு" என்றாய். நான் சாப்பிட்டேன். மறுநாள் உன் எண்ணை டாக்டரிடம் சொன்னதும் நான்தான். இதையே வேலையாகச் செய்கிறவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவர் மருந்தை மாற்றவில்லை. வீக்கம் வடிந்தது, திரும்ப ஏறவில்லை. ஏறாது என்றுதான் நினைத்தோம்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்னால் தாடைக்குக் கீழே கையில் ஒன்று தட்டுப்பட்டது. நீ வந்திருந்த நாட்களில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தியிருந்தேன். பனி என்றேன். ஒரு வெடியின் பெயரையும் அதற்குச் சொல்ல எனக்கு மனமில்லை. போன வாரம் மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு வந்தோம். டாக்டரிடம் நான் சாப்பிடுகிற மாத்திரை ஒவ்வொன்றையும், தலைவலி மாத்திரை உட்பட, சொல்லிவிட்டேன்.

அந்த நடு ஸ்கேனை அன்றைக்கு நீ எத்தனை தரம் பார்த்தாய், தம்பி? முதல் தரம் வந்த எண் என்ன? அது பாதியை எட்டியிருந்ததா, அல்லது அம்மாவாயிற்றே என்று இன்னொரு தரம் பார்த்தாயா? இதைக் கேட்க நேர்ந்ததுதான் எனக்கு எல்லாவற்றிலும் கசப்பாக இருக்கிறது. நீ பாசத்தால் கோட்டை உள்ளே தள்ளியிருந்தால் உன்னைத் திட்ட எனக்கு வாய் வராது. நேர்மையாகவே வரைந்திருந்தாலும், பொங்கலன்று நீ சிரித்த சிரிப்புக்குப் பிறகு என்னால் அதை நம்ப முடியவில்லை. இரண்டில் எது என்று தெரியாமல் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அந்த எண்ணை எழுது. எதுவாக இருந்தாலும் எழுது, டாக்டருக்கு அது வேண்டும். அதோடு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எல்லைக்கு இந்தப் பக்கம் நிற்கிற படத்தையும் அந்தப் பக்கம் நிற்கிற படத்தையும் ஒன்றுபோலத் திருப்பி அனுப்புவாயா என்றும் எழுது. கம்பெனி விடாது என்றால் அந்த நாற்காலி நமக்கு வேண்டாம். வீட்டில் நாற்காலி இருக்கிறது. புது சி.டி.யை உறையில் போட்டு ஒட்டி, அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் பதில் வரும்வரை உறைமேல் முகவரி எழுதமாட்டேன்.

அம்மா